கண் போன லேப்டாப்பும் இருபத்திரண்டு படிகளும்

லஷ்கர் மொஹல்லா, மைசூர்
14 ஜூன் 1998, ஞாயிறு, பிற்பகல் 3.40

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் லாய்ட் அவர்களுக்கு மதலைமுத்து எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் அக்கா மோலியும் சுகமாக இருக்கிறோம். அவளுடைய முழங்கால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நீங்களும் உங்கள் மனைவி ஷாரனும் பெங்களூரில் அப்படியே சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் ஓய்வு பெற்றதும் உங்கள் வீட்டு மேல்மாடிக்குக் குடிவருகிறோமா என்று, வேறொரு குடித்தனக்காரர் காத்திருப்பதால் இருபதாம் தேதிக்குள் பதில் கேட்டிருந்தீர்கள். அந்தப் பதிலையும், நீங்கள் அனுப்பிய பழைய லேப்டாப்பைப் பற்றி நீங்கள் கேட்காத விவரங்களையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதால் பிரித்து எழுத வழியில்லை.

லேப்டாப் மே 18, திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. இருபத்தொன்பது ஆண்டு நீதிமன்றச் செய்தி எழுதியவன் ஜூலை முப்பத்தொன்றுக்குப் பிறகு சும்மா இருக்கக் கூடாது, அனுபவங்களைப் புத்தகமாக எழுதட்டும் என்று உங்கள் ஆபீசில் கழித்துவிட்டதை எனக்காகக் கேட்டு வாங்கி அனுப்பினீர்கள். அந்த நல்லெண்ணத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. முதல் மூன்று நாள் இயந்திரத்திலும் சந்தேகம் இல்லை. மே 21 அன்று திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நீலமாக ஒரு கோடு விழுந்தது. நான் கவலைப்பட்டேன். மோலி எட்டிப் பார்த்து, நோட்டில் இருப்பது போல மார்ஜின் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நல்லதுதானே என்றாள். 23ஆம் தேதி நிறம் மாறியது. திரையில் நீங்கள் பதித்து அனுப்பிய உங்கள் வீட்டுப் படத்தில் மாடிப்படியில் நிற்கும் ஷாரன் முழுப் பச்சையானாள். மறுநாள் படம் நடுங்கத் தொடங்கியது. எங்கள் டிவிக்குச் செய்வது போல இரண்டு தட்டுத் தட்டினேன், நின்றது, பிறகு தட்டினாலும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். மூடியை முக்கால்வாசி திறந்து, பின்னால் ஒரு பாட்டுப் புத்தகமும் அதன் மேல் பேரீச்சம்பழ டப்பாவும் முட்டுக் கொடுத்தால் எழுத்துத் தெரியும். கொஞ்சம் அசைந்தாலும் போய்விடும். அப்படியே மூன்று நாள் ஓடியது. மே 27 காலை 9.15க்கு, என் புத்தகத்தின் முதல் வாக்கியத்தை ஆறாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தபோது, மோலி வந்து டப்பாவைத் தூக்கி ஒரு பழம் எடுத்தாள். திரை இருண்டது. அதன் பிறகு பாட்டுப் புத்தகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தும் பலனில்லை.

பார்க்க முடியாததை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒயரோடு அப்படியே சாப்பாட்டு மேஜையில் விட்டு, இயந்திரம் செத்துவிட்டது என்று வீட்டில் அறிவித்தேன். பக்கத்து வீட்டுப் பசம்மா வந்து பார்த்து வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார். அடுத்த ஒன்பது நாள் நான் கோர்ட்டுக்குப் போய்வந்தேன். மாலையில் திரும்பும்போது சில நாள் மோலி அதன் முன்னால் உட்கார்ந்து விசைகளைத் தட்டிக்கொண்டிருப்பாள். கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள், விரலுக்குப் பயிற்சி என்றாள். செத்த இயந்திரத்தில் தட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் விட்டுவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை, பின்னால் வேண்டியிருக்கும்.

ஜூன் 5 அன்று முனிராஜ் வந்தார். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவார். மூடியை இப்படியும் அப்படியும் ஆட்டினார், டார்ச் அடித்துத் திரையைச் சாய்த்துப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார்.

"ஸ்வல்ப சிம்பிள்தான் ஸார். ஒண்ணு இதுக்குக் கண்ணு போயிருக்கணும், இல்ல உள்ள படம் வரையிற சிப் போயிருக்கணும். கண்ணுன்னா ஒரு கேபிள்ல முடிஞ்சிரும். சிப்னா எடைக்குப் போட்ருங்க. வேற ஒரு ஸ்கிரீன மாட்டிப் பாத்தா ஆய்த்து, தெரிஞ்சிடும்."

வேறு ஸ்கிரீனுக்கு எங்கே போவது என்று கேட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் வேலை நேரத்தில் தர மாட்டார்கள். ஆனால் தேவராஜ மொஹல்லாவில் முரளிதரனின் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை இயந்திரத்தைத் தாமே பழுது பார்ப்பதாகவும், அவர் பத்து நிமிஷம் கொடுப்பார் என்றும் சொன்னார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் ஜாதகக் கடைப் படியேறுவதா என்று யோசித்தேன். மோலி யோசிக்கவில்லை. மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்க வேண்டும், நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

ஜூன் 6, சனிக்கிழமை, காலை 11.10. கடை ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. பெஞ்சில் ஏழு பேர் காத்திருந்தார்கள். முன்னால் இருந்தவர் ராமக்காள் என்ற அம்மாள். மகன் ஜாதகத்தைக் கணித்து வாங்கிப் போக ராமாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். அவருடைய முறையின் நடுவில்தான் முனிராஜ் முரளிதரனின் பெரிய மானிட்டரைக் கழற்றி நம் லேப்டாப்பின் முதுகில் மாட்டினார். ராமக்காளுக்கு ஒரு கம்ப்யூட்டர் போய் இன்னொன்று வந்தது மட்டும்தான் தெரிந்தது. படம் பளிச்சென்று வந்தது. கோடு இல்லை, நடுக்கம் இல்லை, ஷாரன் தன் சொந்த நிறத்தில் மாடிப்படியில் நின்றாள். சிப் நன்றாக இருக்கிறது, கண்தான் போயிருக்கிறது என்று முனிராஜ் தீர்ப்புச் சொன்னார். சோதித்துப் பார்க்க என் புத்தகத்தைத் திறந்தார். யாரோ ஒழுங்காக சேவ் பண்ணி மூடியிருக்கிறார்கள் என்று பாராட்டினார். இயந்திரம் தானாகச் செய்திருக்கும் என்று நான் விளக்கம் கொடுத்தேன்.

என் முதல் வாக்கியம் மேலே இருந்தது. அதன் கீழே மூன்று வரி வெறும் விரல் பயிற்சி. அதற்கும் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒன்றரைப் பக்கம். முரளிதரனுக்குத் திரையில் எது தெரிந்தாலும் கட்சிக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது கடை திறந்த நாளிலிருந்து பதினோரு மாதப் பழக்கம். படிக்கத் தொடங்கிவிட்டார்.

"லாய்ட் வீட்டு மாடி எனக்கு வேண்டாம். படி இருபத்திரண்டு. என் முழங்கால் பதினொன்றோடு போதும் என்கிறது."

ராமக்காள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மாடி ஊடு எங்களுக்கெதுக்குங்க சாமி, ஓட்டு ஊடே போதும். பையனுக்குக் கால்ல கண்டமுங்களா?"

முரளிதரன் பழக்க வேகத்தில் அடுத்ததற்குப் போனார். மாப்பிள்ளை, இனி வருவதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை; என் நோட்டில் உள்ளபடி தருகிறேன். ஷாரன் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால் அடுத்த பத்தியை உள்பக்கமாக மடித்துக் கொடுங்கள்.

"ஷாரன் நல்ல பெண். ஆனால் அங்கே போய்த் தங்கும்போது நான் மேலே குக்கர் வைத்தால் கீழேயிருந்து விசில் எண்ணுகிறாள். மூன்றுக்கு மேல் போனால் படியேறி வந்து கேட்கிறாள். இங்கே பசம்மாவும் நானும் பாதி கன்னடம் பாதி தமிழில் பேசிக்கொள்கிறோம். அங்கே அந்தப் பாதிக்கு யாரைத் தேடுவேன்? வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் பங்கு மக்களுக்கான அறிவிப்புத் தாள் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிறேன். ஒரு பிழை இல்லை என்று பாதர் போன வாரம் சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் இவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவரிடம் வாய் திறந்து சொல்லலாம். சொன்னால் குறித்துக்கொள்வார். குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பிவிடுவார்."

"மருமக வாய்க்காரி போல இருக்குது" என்றார் ராமக்காள். கொஞ்சம் யோசித்து, "பொழச்சுக்குவா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. இதுவும் ஒருவகை ஜாதகம்தான் என்ற மரியாதையோடு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் முரளிதரனுக்கு விஷயம் புரிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் மோலியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாக மார்க்கெட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ தீர்ப்பு நாளில் குற்றவாளிக் கூண்டைப் பார்த்து முகபாவம் எழுதியிருக்கிறேன். அன்று அந்தக் கூண்டில் நின்றவன் நான் என்பதால் என் முகபாவத்தை எழுத ஆளில்லை.

கீழே இறங்கி வாழைக்காய்க் கடைக்குப் போனோம். அங்கேதான் கேட்டேன், முன்பே சொல்லியிருக்கலாமே என்று.

"நீங்க கேட்டீங்களா?"

கேட்டேன். அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு, உங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பிய ரயிலில், ராமநகரம் தாண்டியதும், "லாய்ட் மாடிக்கே போயிடலாமில்ல?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். இதை நான் சம்மதம் என்று வைத்துக்கொண்டு, அநேகமாக வருவோம் என்று உங்களுக்கும் எழுதிவிட்டேன். வாழைக்காயைத் தேர்ந்தெடுத்தபடியே அவள், கேட்டவர் முகம் அப்போது பேப்பருக்குள் இருந்தது என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளை, நான் பார்த்த எந்த நீதிபதியும் "உங்க இஷ்டம்" என்பதைச் சம்மதமாகப் பதிவு செய்ததில்லை. தெரிந்த சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவராதது என் தப்பு.

ஆகவே பதில்: நாங்கள் வரவில்லை. காத்திருக்கும் குடித்தனக்காரருக்கே மாடியைக் கொடுத்துவிடுங்கள். மைசூரில் இதே வீட்டில், இதே பசம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொள்கிறோம், வீட்டுக்காரரிடம் பேசியாகிவிட்டது. எனக்கு இதில் குறையில்லை. உண்மையைச் சொன்னால், வெள்ளிக்கிழமை அவள் அடித்த அறிவிப்புத் தாளை வாங்கிவந்து முதல் தடவையாக முழுதும் படித்தேன். பிழை தேடினேன். இல்லை. இல்லை என்று அவளிடம் சொன்னேன். சரி என்று உள்ளே போனாள். இரவு ரசத்தில் மிளகு கூடுதலாக, எனக்குப் பிடித்த மாதிரி இருந்தது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, மூடியும் உடலும் சேரும் இடத்தில் மடங்கி மடங்கித் தேய்ந்த அந்தத் திரைக் கேபிள் உங்கள் ஆபீசில் கழித்துப்போட்ட வேறொரு லேப்டாப்பில் இருக்கும் என்கிறார் முனிராஜ். ஒன்று கழற்றி அனுப்புங்கள். இரண்டாவது, பாவம், இயந்திரம் செத்துவிட்டது என்று நம்பித்தான் அவள் மனசைக் கொட்டினாள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதியதை நான் உங்களுக்கு எழுதிவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் வீட்டில் சமாதானமும், குக்கரில் வேண்டிய மட்டும் விசிலும் ஆண்டவர் தருவாராக.

என்றும் உங்கள் அத்தான்,
மதலைமுத்து

பின்குறிப்பு: 15 ஜூன், திங்கள், காலை 8.05. தபால்தலை ஒட்டிக் கொடுக்கச் சொன்னேன். உங்கள் அக்கா உறையைத் திறந்து முழுதும் படித்துவிட்டாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். அதை அவள் சொன்னபடியே எழுதச் சொல்லி எதிரே நிற்கிறாள்: "செத்த மிஷின்னு யார் சொன்னா? கேப்ஸ் லாக்கத் தட்டினா சின்ன விளக்கு எரியுது, இன்னொரு தட்டு தட்டினா அணையுது. செத்தது அப்படிச் செய்யுமா? தினமும் சேவ் பண்ணிட்டுத்தான் எந்திரிச்சேன். இருபத்தொம்பது வருஷ ரிப்போர்ட்டருக்கு அந்த விளக்கு கண்ணுல படலையே. ஒரு வாழைக்காய்க்காக நான் என்னைக்காவது மார்க்கெட் வரைக்கும் வந்திருக்கேனா?"

ஆகவே மேலே "பாவம்" என்று வரும் வாக்கியத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். கேபிளும் அனுப்ப வேண்டாம். நேற்று மாலையிலிருந்து மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறாள், என்னவென்று கேட்டேன், சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமை காலை முரளிதரனின் மானிட்டரைப் பத்து நிமிஷம் கேட்கப் போகிறேன்.