உண்டியலும் ஃபர்ஸ்ட் காப்பியும்

காலை ஒன்பது பதினேழுக்கு, திருமலைக் கோவில் உண்டியலுக்கு நாலு ஆள் முன்னால், மனித நேர்மை ஒரு மணிக்கட்டாக நின்றுகொண்டிருந்தது. மணிக்கட்டு ஹேமநாத்துடையது. அதில் இருந்தது ஒன்பது லட்ச ரூபாய் சுவிஸ் கடிகாரம். அவர் வாங்கிய விலை ஒன்பதாயிரம். வித்தியாசம் இரண்டு பூஜ்யம். பூஜ்யங்களைப் பெரிதுபடுத்துபவர் அல்ல அவர்.

ஸ்ரீசிட்டியில் கார் பிரேக் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் தர ஆய்வு அதிகாரி. வெளியிலிருந்து வரும் பிரேக் பேடுகளில் போலி கலக்காமல் பார்ப்பது பணி. கடிகாரம் கட்டிய பிறகே அவர் அருமை உலகுக்குத் தெரிந்தது. செக்யூரிட்டி எழுந்து நின்றார். எம்.டி. அந்தக் கையைப் பார்த்துவிட்டு 'போலி ஒழிப்புக் கமிட்டி'க்கு அவரையே தலைவராக்கினார். முதல் கூட்டத்திலேயே தலைவர் ஒரு கொள்கை வகுத்தார்: 'கண்ணால் கண்டுபிடிக்க முடியாதது போலி ஆகாது.' கமிட்டி கைதட்டியது. அன்றுமுதல் ஒரு பேடுகூடத் திரும்பிப் போகவில்லை. போலி ஒழிந்தது.

நடுவில் அவருக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் இறங்கிய அன்று மனைவி அம்சவேணி நிலுவு தோபிடி வேண்டிக்கொண்டாள். பிழைத்தால், உடம்பில் போட்டிருப்பதை எல்லாம் கழற்றி உண்டியலில் போட வேண்டும். பெருமாளிடம் பட்டியலே படித்திருந்தாள்: மோதிரம், சங்கிலி, ஒன்பது லட்ச வாட்ச். பெருமாள் தன் பங்கைச் செய்துவிட்டார். முன்னால் இருந்த நாலு ஆளும் நகர்ந்து, இவர் முறை வந்தது.

"கழட்டுங்க."

"மோதிரம், சங்கிலி போட்டாச்சே. போதாதா?"

"வாட்ச்ச சொல்லித்தான உசுரக் கேட்டேன்? சாமிகிட்ட பேரம் பேசிக்கினு நிக்கிறீங்க!"

"ஜரகண்டி! ஜரகண்டி!" என்று சேவகர் நகரச் சொல்லி விரட்டினார். ஹேமநாத் மனைவியின் காதோரம் குனிந்தார்.

"கத்தாத, அம்சா. இது ஃபர்ஸ்ட் காப்பி."

"அப்டின்னா?"

"டூப்ளிகேட்டு. ஆனா ஒசத்தி டூப்ளிகேட்டு."

"கம்பெனில பரிசா குடுத்தாங்கன்னீங்க?"

"கம்பெனிக்கே தெரியாது."

"சாமிக்குத் தெரியுமே. குடுத்த உசுரத் திருப்பிக் கேட்டா இன்னா பண்ணுவீங்க?"

"இதுல யாருக்கு இன்னா நஷ்டம்? அதே கனம், அதே பளபளப்பு. பாத்தா கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியலன்னா அது போலியே இல்ல. ஆபீஸ்ல இந்தக் கொள்கைய வச்சித்தான் எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுக்கினு இருக்கேன்."

நேர்மைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை அந்தச் சன்னிதி கேட்டிருக்காது. சொன்ன வேகத்தில் கழற்றிப் போட்டார். விழுந்த சத்தம் அசலைப் போலவே இருந்தது.

இருவரும் கார் நிறுத்திய இடத்துக்கு வந்தார்கள். ஹேமநாத் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். அவள் ஏறவில்லை. கீழே வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, போன மாசம் ஸ்டாஃபுக்குக் கம்மி வெலன்னு சொல்லி நம்ம வண்டிக்கு பிரேக் பேடு மாத்திக்கினு வந்தீங்களே... அதுவும் நீங்க கையெழுத்துப் போட்டதுதானா?"