பார்த்தவுடன் வாசிப்பேன்

இனி யார் எந்த இசைத்தாளை நீட்டினாலும் பார்த்தவுடன் வாசிப்பேன் என்று சபதம் போட்டேன். போட்டது நான். போட வைத்தது என் மனைவி.

பாட்டுக் குழுவில் காலம் காலமாகப் பியானோ வாசிக்கிறவன் நான். காதில் விழுந்தால் போதும், விரல் பிடித்துக்கொள்ளும். தாளைக் கொடுத்தால்தான் வம்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தாலாட்டை நான் வாசித்து முடிப்பதற்குள் குழந்தைக்கு மீசை முளைத்துவிடும்.

இந்த லட்சணத்தில் குழுவுக்குப் புது மாஸ்டர் வந்தார். "சனிக்கிழமை ஒரு புதுத் தாள் தருவேன். பார்த்ததும் வாசிக்கிறவருக்குத்தான் இந்த நாற்காலி" என்றுவிட்டார்.

மனைவி பயிற்சியில் இறங்கினாள். என் கைகள்மேல் ஒரு துண்டைப் போர்த்தினாள்.

"விரலைப் பார்க்காதீங்க. தாளைப் பாருங்க."

"துண்டு கனக்குதுடி."

"நனைச்சுப் போடட்டுமா?"

"தப்பு வந்தா நிறுத்தித் திருத்திக்கலாம்ல?"

"கூடவே கூடாது. தப்பானாலும் போய்க்கிட்டே இருக்கணும்."

"அதெப்படி முடியும்?"

"என்கிட்ட பேசுறப்ப முடியுதுல்ல?"

கழுத்து பிடித்துக்கொண்டது. பேரம் பேசினேன். அவள் மாஸ்டரிடம் வாங்கிவந்த ஒரு புதுப் பாட்டை மேஜைமேல் வைத்தாள். "சாயங்காலம் இதைத் தடுமாறாம வாசிச்சிட்டா, அப்புறம் துண்டும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. அதுவரைக்கும் தொடக்கூடாது."

அவள் கடைக்குக் கிளம்பினாள். நான் தாளோடு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு கிளாரினெட்காரர்.

"தம்பி, இதைக் கொஞ்சம் ஊதிக் காட்டுப்பா."

"அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"அவளுக்கு எப்படித் தெரியும்? பலமா ஊது!"

நாலு தடவை ஊதினார். பாட்டு என் காதுக்குள் குடியேறிவிட்டது. தாளை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் அவளே பியானோமேல் தாளை விரித்தாள். நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புருவத்தைச் சுருக்கினேன். கஷ்டமான இடங்களில் எட்டி உற்றுப் பார்த்தேன். தலையசைத்தேன், பக்கத்தைத் திருப்பினாள். ஒரு சுரம் பிசகவில்லை.

"எப்படி?" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"கண்ணே கலங்கிடுச்சுங்க."

"பார்த்தவுடன் வாசிக்கிறதுன்னா இதுதான்!"

"பக்கத்து வீட்டுத் தம்பியும் இன்னிக்கு ஒரு புதுப் பாட்டை ஊதினாரு. திரும்பத் திரும்ப. தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

"அப்படியா? பொழுதுபோகலை போல."

"எனக்குச் சந்தேகம் வந்துச்சு. மாஸ்டர் ரெண்டு பாட்டு கொடுத்திருந்தாரு. அதனால தாளை மாத்தி வச்சேன்" என்றாள், தேன் ஒழுகும் குரலில். "இப்ப முன்னாடி இருக்கிறதை வாசிங்க."