இறக்கை நுனியில் ஐந்து சதவீதம்

அடுத்த அறையில் தலைமுடி உலர்த்தும் மெஷின் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போயிருந்தேன். யாரோ தலை காயவைக்கிறார்கள் என்று நினைத்தால் அது உங்கள் அப்பாவித்தனம். வீட்டுக்காரரான பல் வைத்தியர் ஏரம்பமூர்த்திக்குத் தலையில் காயவைக்க ஒன்றுமில்லை. அட்டையில் செய்த விமான இறக்கைக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

வாசகர்களே, சதவீதக்காரர் என்ற இனம் இதுதான்.

ஷவரில் சல்லடை பொருத்தி வெந்நீரில் ஐந்து சதவீதம், காரின் ஸ்பேர் டயரைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்ரோலில் ஐந்து சதவீதம், வாசற்கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் நாடா ஒட்டி ஹீட்டரில் ஐந்து சதவீதம் என்று மிச்சம் பிடித்து, பிடித்ததை வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒரு மணி நேரம் விளக்குகிறவர் இவர். ஏன் எப்போதும் ஐந்து? இரண்டென்றால் மதிக்கமாட்டார்கள். பத்தென்றால் அளந்து பார்ப்பார்கள்.

பாபகூராப் பக்கம் ஒரு ஷெட்டில் நாலு சீட்டுப் பழைய விமானம் ஒன்று நிற்கிறது. ஏரம்பமூர்த்தியும், ஃபிஜியிலிருந்து வந்த விமான மெக்கானிக் அப்பலசாமியும் பங்குபோட்டு வாங்கியது. அதன் இறக்கை நுனிகளில், பெரிய விமானங்களில் இருப்பதுபோல, மேல்நோக்கி நிற்கும் விங்லெட் மடல்களைப் பொருத்தினால் எரிபொருள் மிச்சமாம். எத்தனை சதவீதம் என்று நான் சொல்லவேண்டுமா?

அனுமதி வாங்க, பொருத்த, சோதிக்க என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. அதே மூன்று மாதத்துக்கு முன்தான், விமானத்தில் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள நேப்பியரில் மகள் பிரணவிக்குக் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கே பேரனை மடியில் வாங்கியிருக்க வேண்டிய அம்மம்மா கௌரி, பிள்ளை பெற்றவளுக்கென்று இடித்த சரக்குத்தூள் டின்னோடு இன்னும் சமையலறையில்தான் நிற்கிறார். பேரன் போனுக்குள் சிரிக்கிறான். கல்லும் கரையும். சதவீதக்காரர் கரைவாரா?

“நான் டிக்கெட் எடுத்துப் போறனே,” என்றார் கௌரி, மெஷின் அறையைப் பார்த்து உரக்க.

“சொந்தப் பிளேன் இருக்கேக்குள்ள டிக்கெட்டே? சனம் சிரிக்கும். இன்னும் ரெண்டு டெஸ்ட்தான். இப்ப சுமை ஏத்தினால் அளவு குழம்பிடும்.”

சுமை என்றது மனைவியை. முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியம்.

அப்போது அப்பலசாமி வந்தார். ஏரம்பமூர்த்தி மெஷினை நிறுத்திவிட்டு வந்து, நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தீரே? முந்திப் போன அதே வங்காரெய்ப் பயணம். அஞ்சு சதவீதம் மிச்சம்.”

“டாக்டர், மடல் வைக்கிறதுக்கு முன்னாடி போனப்போ அக்கா கூட வந்தாங்க. இடியப்பம், சொதி, மடக்கு நாற்காலி எல்லாம் வந்துச்சு. இந்தத் தடவை நீங்க தனியா, மெதுவா போயிருக்கீங்க.”

“அப்ப பெரிய பிளேன்காரங்கள் என்ன விசரங்களே?”

“அது உயரத்துல பத்து மணி நேரம் பறக்குது, அதுக்குப் பிரயோஜனம் உண்டு. நம்மது ஏறி முடிக்கிறதுக்குள்ள இறங்குது. ஏறும்போது கொஞ்சம் உதவும். மத்த நேரம் அந்த மடலே ஒரு பாரம்தான்.”

கௌரி சிரிக்கவில்லை. “அப்ப மிச்சமானது எண்ணெய் இல்லை. நான்தான்.”

ஏரம்பமூர்த்திக்கு அது கேட்டதா? அவர் கண்கள் எங்கோ போயிருந்தன. “மடலை ஒரு டிகிரி சாய்ச்சால்…” என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார். மெஷின் மறுபடி இரைந்தது.

கௌரி போனில் எதையோ இரண்டு தரம் தட்டினார். அலுமாரிக்குப் பின்னாலிருந்து பெட்டி வந்தது. அது எத்தனை நாளாகக் கட்டிவைத்த பெட்டியோ. டின்னைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“தம்பி, போற வழியில என்னை ஏர்போர்ட்டில விடுவியளே?”

“வாங்கக்கா,” என்று அப்பலசாமி பெட்டியைத் தூக்கினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் “இதை மட்டும் சரிபண்ணிவிட்டு வாறன்” என்று யாரையோ காத்திருக்கச் சொன்னீர்களே, அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கௌரியும் அப்பலசாமியும் வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. ரப்பர் நாடா ஒட்டிய கதவு. கார் புறப்பட்ட சத்தம்கூட உள்ளே போகவில்லை.