தூங்காத சந்தாதாரர்கள்

விற்கத் தெரியாதவன் மீன்காரன் வீட்டில் பிறக்கக் கூடாது. நான் பிறந்தேன். எங்கள் குப்பத்துப் பெண்கள் நேற்றைய மீனைக் கூடையில் வைத்து, இன்று விடிகாலையில் பிடித்தது என்று சொல்லி, வாங்குகிறவரையும் நம்ப வைத்து, மேற்கொண்டு ஒரு டம்ளர் மோரும் வாங்கிக் குடித்துவிட்டு வருவார்கள். நானோ துள்ளத் துடிக்க இருந்த ஒரு வியாபாரத்தை, சென்னையிலிருந்து ஆள் தேடி வந்து கேட்டும் விற்கத் தெரியாமல் கரையில் போட்டுக் கருவாடாக்கியவன்.

கடலோடு சேர்கிற உப்பு ஏரியில், பசியாவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது எங்கள் குப்பம். ஏரியில் எந்த இடத்தில் எவன் வலை கட்டுவது என்பதற்கு இங்கே ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். இறால் நன்றாக விழுகிற இடம் இன்றைக்கு உனக்கு என்றால் நாளைக்கு எனக்கு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனுக்கும், வரிசையில் நின்று இடம் காலியாகும்போது, அதில் பங்கு உண்டு. முறை தவறி வலை கட்டினால் ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்தி அபராதம் போடுவார்கள். எனக்கும் கல்யாணத்தோடு பெண்டாட்டியும் வந்தாள், பாடும் வந்தது. பெண்டாட்டி இன்னும் இருக்கிறாள்.

பாட்டை நானேதான் விட்டுக் கொடுத்தேன். அப்போது நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். நோய்க் காலத்தில் ஊர் அடைத்துக் கிடந்தபோது, துபாயிலும் கப்பலிலும் இருந்த எங்கள் ஆட்கள் ஊருக்கு வர முடியாமல், இங்கே நடந்த சாவுகளைப் போனில் காட்டச் சொல்லி அழுதார்கள். காட்டினேன். சாவைக் காட்டினால் கல்யாணத்தைக் கேட்டார்கள். கல்யாணத்தைக் காட்டினால் அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதைக் கேட்டார்கள். பொன்னேரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நண்பன் ஒருவன் ஒரு செயலி செய்து கொடுத்தான். பெயர் ‘நம்ம கரை’. மாதச் சந்தா கட்டினால் ஊரில் நடக்கிற எல்லாம் கைக்குள். ஏரியைப் பார்த்தாற்போல் கம்பத்தில் ஒரு கேமராவும் கட்டிவிட்டேன். இரவு பகலாகத் தண்ணீரையும் படகுகளையும் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு பூட்டும் போடச் சொன்னேன். ஒரு கணக்கை ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் திறக்க முடியும். இனி எவனும் ஓசியில் பார்க்க முடியாது என்று இறுமாந்து போனேன். (இந்தப் பூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கழுத்துக்கு நானே வாங்கியது.)

செயலி வந்த மிதப்பில் பஞ்சாயத்தில் எழுந்து நின்று, “எனக்கு ஏரி வேணாம். என் பாட்ட வேற யாருக்காவது குடுத்துடுங்க. இனிமே நான் வலை தொட மாட்டேன்” என்று பிரசங்கம் செய்தேன். யாரோ கைதட்டினார்கள். பிறகுதான் தெரிந்தது, வரிசையில் அடுத்து நின்ற புது மாப்பிள்ளைதான் தட்டியவன்.

என் நைனா கைதட்டவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் ஒரே ஒரு பழமொழி சொன்னார்: “கொளத்தோட கோவிச்சிக்கினு குண்டி கழுவாம போனானாம் ஒருத்தன்.” எனக்குப் பழமொழி என்றால் உயிர். அதனால் ரசித்துக் கேட்டேன். அந்த ஒருத்தன் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டொரு வருஷம் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன், தள்ளினேன். உப்புக்காற்று கேமராவைத் தின்றது. நெட் இணைப்பு மழை வந்தால் முதலில் போய்விடும். சந்தா கட்டுகிறவர்கள் முதல் மாதம் எத்தனை பேரோ அத்தனை பேரே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நேரத்தில்தான், இப்படிப்பட்ட சின்னச் செயலிகளை வாங்கிச் சேர்க்கிற சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து நிவேதா மேடம் போன் செய்தார். செயலியை வாங்கிக்கொண்டு, என்னையே அதற்கு மேனேஜராக வைத்துக்கொள்வார்களாம். மாதச் சம்பளம், பொன்னேரியில் ஆபீஸ். எங்கள் பரம்பரையில் முதல் தேதி என்றால் என்ன என்று தெரிந்தவர் எவரும் இல்லை. அமாவாசை, பௌர்ணமி தெரியும். பாட்டை விட்டவனுக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு கரை கிடையாது.

அனுப்பி வைத்த கணக்கைப் பார்த்து மேடம் அசந்து போயிருந்தார்.

“சேகர், உங்க சப்ஸ்கிரைபர்ஸ் கம்மிதான். ஆனா ஒவ்வொருத்தரும் பாக்கற நேரம் இருக்கே, நாங்க எங்கேயும் இப்படிப் பாத்ததில்ல. காலையில ஆரம்பிச்சா மறுநாள் காலை வரைக்கும் போவுது. இவங்க தூங்கவே மாட்டாங்களா?”

இந்தக் கேள்விக்கு எந்த மடையனும் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. “எங்க ஜனங்களுக்கு ஊர்ப் பாசம் ஜாஸ்தி மேடம்” என்றேன். அதோடு விட்டேனா? பாசம், மண், தொப்புள்கொடி என்று அரைமணி நேரம் பேசினேன். மேடம் உருகிவிட்டார். நேரில் வந்து இந்த ரசிகர்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

இரவு சாப்பிடும்போது என் மனைவி கௌரியிடம் பெருமையடித்தேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, “அவ்ளோ நேரமா பாக்கறாங்க? அப்ப எப்ப சோறாக்குவாங்க, எப்பத் தூங்குவாங்க?” என்றாள்.

“உனுக்கு பிசினஸ் புரியாது.”

“இல்லைய்யா, அது இன்னான்னா...”

“நீ நண்டு மட்டும் நல்லா வையி. மத்தத நான் பாத்துக்கறேன்.”

மேடம் வருகிற அன்று கௌரி நண்டு நன்றாகவே வைத்தாள். மத்ததை நான் பார்த்துக்கொண்டேன்.

ஊர்த் தலைவர் தேசப்பன் எனக்கு மாமா முறை. “சந்தா கட்டிப் பாக்கறவங்கள மட்டும் வலைக் கொட்டகைல கூட்டி வை மாமா” என்று சொல்லியிருந்தேன். மேடத்தோடு போய்ப் பார்த்தால் கொட்டகை நிரம்பி, ஓரத்தில் கிடந்த படகின் மேலெல்லாம் ஆட்கள். மொத்தக் குப்பமும் குளித்துப் பவுடர் போட்டு வந்திருந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது.

கௌரி கொடுத்த நண்டுத் தட்டோடு உட்கார்ந்து மேடம் சுற்றிலும் பார்த்தார். “இவங்க எல்லாரும் நம்ம ஆப் பாக்கறவங்களா?”

“எல்லாரும்தாம்மா” என்றார் தேசப்பன் மாமா.

“லிஸ்ட்ல இவ்வளவு பேர் இல்லையே சேகர்?”

நான் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள், “எனுக்கு செவ்வாக்கெழம மேடம்” என்றாள்.

“செவ்வாய்க்கிழமை என்ன?”

“என் பாடு செவ்வாக்கெழம. ஒரு மணிலேந்து மூணு மணி. எங்க பொண்ணு கல்யாணத்தப் போட்டுப் பாப்பேன். மூணு மணிக்கு எதுத்த ஊட்டுக்காரிக்கு வுட்டுடணும்.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். விருந்தாளிக்கு ஊரின் பெருமையைச் சொல்கிற சந்தர்ப்பம் யாருக்கு எப்போது கிடைக்கும்?

“தோ பாரும்மா. தெருவுக்கு ஒரு கணக்குதான் எடுத்துகிறோம். சேகரு சோக்கா ஒரு பூட்டு போட்டான், ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பாக்க முடியும்னு. மொதல்ல அடிச்சிக்கினாங்க. அப்பறம் பஞ்சாயத்துல ஒக்காந்து பேசி, ஏரிக்கி இருக்கற மாதிரியே இதுக்கும் பாடு வச்சிட்டோம். விடிகாலைல தொழிலுக்குப் போறவன் கேமராவுல தண்ணி எப்படிகீதுன்னு பாப்பான். பகல்ல பொம்பளைங்க. ராவுல நாம தூங்கறப்போ துபாய்ல, கப்பல்ல இருக்கற பசங்களுக்கு வுட்ருவோம். ஒரு நிமிசம் வீணாப் போறதில்ல.”

தூங்காத சந்தாதாரர்களின் ரகசியம் இதுதான். மேடம் நண்டுக்காலைத் தட்டில் வைத்துவிட்டார்.

மாமா நிறுத்தவில்லை. “முறை தப்புனா சும்மா வுடறதில்லம்மா. தோ இவ, கல்யாண வீடியோவுல எவ இன்னா பொடவ கட்னான்னு பாத்துக்கினே அடுத்த ஊட்டுப் பாட்ட முழுங்கிட்டா. அபராதம் போட்டோம்.” குறிப்பிடப்பட்ட பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் பொறுமைசாலி. “ஐயா, ஆளுக்கு ஒரு கணக்கு எடுத்துட்டா, இந்த முறை, அபராதம் எதுவும் வேண்டாமே?” என்றார்.

மாமாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அதெப்டிம்மா? ஏரி ஒண்ணுதான கீது. ஆளுக்கொரு ஏரியா வெட்டுவாங்க?”

கொட்டகை அதிரச் சிரித்தது. நானும் சிரித்தேன். என் வாழ்க்கை என் கண்ணெதிரே முழுகிக்கொண்டிருந்தபோது, பேச்சு நன்றாக இருக்கிறதே என்று சிரித்தேன். மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், அந்தச் சிரிப்பை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மேடம் சிரிக்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். ஏதாவது பேசிச் சரிக்கட்டலாம் என்று எழுந்தேன். (பேசித்தான் கெட்டேன், பேசியே மீளப் பார்த்தேன். சேற்றில் கால் புதைந்தவன் உதைக்க உதைக்க உள்ளே போவான்.)

“இது ஒண்ணும் பெரிய விசயமில்ல மேடம். எனக்கே இப்பதான் தெரியும். இன்னைக்கே எல்லா பாஸ்வேர்டையும் மாத்திடறேன். நாளைலேந்து ஆளுக்கொரு சந்தா. கட்டாதவன் பாக்க முடியாது.”

சிரிப்பு நின்றது. காற்று விழுந்த ஏரி மாதிரி ஆகிவிட்டது கொட்டகை. எங்கள் ஊரில் ஒருவனை வாய்க்கு வந்தபடி திட்டலாம், சட்டையைப் பிடிக்கலாம், மறுநாள் ஒரே படகில் போகலாம். ஆனால் அவன் பாட்டில் கைவைக்கிறேன் என்று வாயால் சொல்லக்கூடக் கூடாது. நான் மொத்த ஊருக்கும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தேன்.

“இன்னா சொன்ன மாப்ள?” என்றார் மாமா, மெதுவாக.

“இல்ல மாமா, பிசினஸ்னா...”

“யார் பாட்ட யாருடா புடுங்கறது?”

“செயலி என்னுதுதான மாமா?”

“படகு உன்னுது. எங்க வேணா வித்துக்கோ. பாடு ஊருது. அத யாரக் கேட்டு விக்க வந்த?”

அங்கேயே, அப்போதே பஞ்சாயத்து கூடியது. கூடுவதற்கு என்ன இருக்கிறது, எல்லோரும்தான் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தார்களே. மேடத்துக்கு மரியாதையாக மாமா பக்கத்திலேயே நாற்காலி. என்னை நடுவில் நிறுத்தினார்கள். நைனாவை ஒரு வார்த்தை கேட்டார்கள். அவர், “ஊரு சொல்றதுதான்” என்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாங்க வந்தவர் முன்னாலேயே விற்க வந்தவனுக்கு அபராதம் போட்ட ஒரே வியாபாரம் உலகத்தில் எனதாகத்தான் இருக்கும்.

கார் வரைக்கும் மேடத்தோடு போனேன். கதவைத் திறந்தபடி அவர், “நண்டு ரொம்ப நல்லா இருந்துச்சு சேகர். உங்க வைஃப் கிட்ட சொல்லுங்க” என்றார். கம்பெனியிலிருந்து எனக்கு வந்த கடைசி வார்த்தை அதுதான். பிறகு நான் செய்த போன்களை யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கௌரியிடம் எரிந்து விழுந்தேன். “ஊர்ல இவ்ளோ நடந்துகீது, உனுக்குத் தெரியாதா?”

“தெரியுமே. எங்கம்மாவுக்கு வியாழக்கெழம மூணு மணி.”

“ஏண்டி சொல்லல?”

“நீ எப்பய்யா பேச வுட்ட?”



மறுவாரம் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாமாவிடம் போய், ஏரியில் என் பாட்டைத் திருப்பிக் கேட்டேன். அவர் கோபமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது. பாசமாகத்தான் சொன்னார்: “வரிசைல நில்லு மாப்ள. உனுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்க நெறையப் பேரு நிக்கறாங்க.” பாட்டை விட்டவனுக்கு எப்போதும் கடைசி இடம்தான், அதனால் கல்யாணம் ஆகாதவர்களும் எனக்கு முன்னால் ஆகிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு முகூர்த்தம் விடாமல் கெட்டிமேளம் கேட்கிறது. அத்தனைக்கும் வீடியோ நான்தான் எடுக்கிறேன்.

செயலியை மூடிவிடலாம் என்று பலமுறை கை போயிருக்கிறது. ஆனால் போன ஆடியில் ஒரு சாவு. மகன் கப்பலில், எந்தக் கடலில் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. தாயின் முகத்தை அவனுக்குக் காட்டினேன். அன்றைக்குப் பாடு வேறு வீட்டுடையது. அவர்கள் வாய் பேசாமல் விட்டுக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகு எப்படி மூடுவது? எனவே கேமராவைத் துடைத்துக்கொண்டு, சந்தா ஏறாமல், கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று நின்ற கொக்கு மாதிரி நிற்கிறேன்.

பஞ்சாயத்து எனக்கும் ஒரு நியாயம் செய்தது. நானும் கல்யாணமானவன்தானே. செயலியில் எனக்கென்று ஒரு பாடு ஒதுக்கினார்கள்: வியாழக்கிழமை, இரண்டிலிருந்து மூன்று. என் சரக்கைப் பார்க்க எனக்கே முறை. வீட்டில் அதுவே ஒரு பேச்சாகிவிட்டது. இன்னொரு துண்டு வஞ்சிரம் கேட்டாலும், மின்விசிறியை என் பக்கம் திருப்பினாலும், நைனா கூட, “இன்னிக்கு வியாழனா?” என்கிறார். சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தியில் முந்தி உட்கார்ந்தால் இலை போடுகிறவனே கேட்கிறான்.

இன்று வியாழன். என் முறையில் கேமராவைத் திறந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகத்துவாரத்துப் பக்கம் என் பழைய இடத்தில், அன்று கைதட்டிய புது மாப்பிள்ளை வலையைத் தூக்குகிறான். இறால் நன்றாக விழுந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினேன். அவன் பாடுகிறான் போலிருக்கிறது, வாய் அசைகிறது.

“ஏய்யா, பாத்தது போதும்” என்று உள்ளேயிருந்து கௌரி குரல் கொடுக்கிறாள். “மணி மூணாவுது. எங்கம்மாவுக்கு வுடு.”