மடி மாமாவும் பெட்ரோல் கூப்பனும்

சும்மா கிடைக்கிற பெட்ரோலை வாங்க எவ்வளவு பெட்ரோலை வேண்டுமானாலும் எரிக்கிற ஆள் நான். ஓசூரில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. (மற்றவர்கள் செய்யும் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.)

தங்கை மகள் யாழினிக்குக் காது குத்து. பர்கூர் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் காலையிலேயே முகூர்த்தம். பிள்ளையை மடியில் உட்கார வைக்க வேண்டிய ஒரே தாய்மாமன் நான்தான். சீர்வரிசையும் என் பொறுப்பு.

எங்கள் தெருமுனையில் முத்துராஜ் அண்ணாச்சி மளிகைக் கடை. அதே தெருவில் இருக்கும் தங்கை வீட்டுச் சாமான் எல்லாம் அங்கேதான். அவளை அண்ணாச்சி 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். நான் மட்டும் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்குத் தாவியிருந்தேன். அங்கே சாமான் வாங்கினால் பெட்ரோல் கூப்பன். சீர்ச் சாமானை முந்தின நாள் அங்கேயே வாங்கினேன். பில் தொகை கூப்பனுக்குக் கொஞ்சம் எட்டவில்லை என்றார்கள். இரண்டு துடைப்பத்தைச் சேர்த்துப் போடச் சொன்னேன்.

அந்தக் கூப்பன் எல்லை தாண்டி, அத்திப்பள்ளியில் ஒரே ஒரு பங்கில்தான் செல்லும். காலையில் பெட்ரோல் முள் அடியில் படுத்திருக்க, காரை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"கோயில் கிருஷ்ணகிரி பக்கம். நீங்க பெங்களூரு பக்கம் போறீங்க," என்றாள் மனைவி. "கூப்பன்ல மிச்சம் ஆகுறது இந்த அலைச்சலுக்கே போயிடுமே?"

"உனக்குக் கணக்கு புரியாது," என்றேன்.

பங்க் ஊழியர் கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளெ பன்னி சார்," என்றார் கன்னடத்தில். பில் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பன் செல்லுமாம், நாளைக்கு வர வேண்டுமாம்.

"காசு குடுத்தே போடுங்க," என்றாள் மனைவி.

"கூப்பனைக் கையில வச்சிக்கிட்டு எவனாவது காசு குடுப்பானா?" என்றேன்.

திரும்பினோம். வழியில் வந்த பங்குகளை எல்லாம் மானத்தோடு கடந்தேன். சூளகிரி தாண்டியதும் கார் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் லோடு ஆட்டோ வந்தது. விசேஷத்துக்கு வாழையிலையும் தேங்காயும் தங்கை அவரிடம்தான் சொல்லியிருந்தாள். என் காரின் பின்சீட்டு முழுக்க சூப்பர் மார்க்கெட் பைகள். எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது? பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

"என்னாச்சு தம்பி? வண்டியில ஏறிக்கிடுங்க."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா இஞ்சினைப் பாக்குறேன். நீங்க முன்னாடி போங்க."

மனைவி இரண்டு கைகளையும் வீசிக் கூப்பிட்டாள். வழியனுப்புகிறாள் என்று நினைத்து அவரும் கையசைத்துவிட்டுப் போனார்.

ஒரு டெம்போக்காரர் இரக்கப்பட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். சீர்ப் பைகளைச் சுமந்துகொண்டு கோயிலுக்குள் ஓடினேன். அண்ணாச்சியின் மடியில் உட்கார்ந்து யாழினி வீறிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் கம்மல் ஏறியிருந்தது.

"நேரம் தாண்டுதுன்னாங்க," என்றார் தங்கையின் மாமியார். "தங்கச்சி தங்கச்சின்னு வாய் நெறையக் கூப்பிடுறவரு, அவரே மடி குடுக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

அண்ணாச்சி கூச்சத்தோடு எழுந்து, "மன்னிச்சுக்கிடுங்க தம்பி," என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். தங்கை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பைகளை அவள் காலடியில் இறக்கி வைத்தேன். அந்த நேரம் பார்த்து மாமியார் பையைப் பிரித்தார்.

"அதெல்லாம் சரி. சீர்ல தொடப்பம் எதுக்குப்பா?"

இப்போதெல்லாம் சாமான் வாங்குவது அண்ணாச்சி கடையில்தான். நடந்தே போய்விடுகிறேன், பெட்ரோல் மிச்சம். யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சாயந்திரமானால் அந்தக் கடைக் கல்லாவில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் படியேறுவதைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்:

"மடி மாமா, தொடப்ப மாமா வந்திருக்காரு!"