மழை பெய்யாத பதினெட்டு நாள்

பிள்ளைகளே, உங்கள் அப்பா மழையை எழுதி வைத்த அழகை நானே சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். மூன்று மாதம் தாக்குப்பிடித்தால்தான் வேலை நிரந்தரம். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் இருந்தால் தேதியோடு எழுதுவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். (நடக்காததை எவனாவது எழுதுவானா?)

பெப்ரவரி முடிந்ததும், கண்டித் தலைமை ஆபீசுக்கு மழை வரைபடம் அனுப்பச் சொன்னார் பெரிய கிளாக்கர். மழை பெய்தது ஒன்பது நாள். ஒன்பது நீலக் கோடுகளையும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டி வரைந்தேன். தேதி போட்டால் அழகு கெடும் என்று அதையும் போடவில்லை.

கண்டியில் பார்த்தவர்கள் இங்கே விடாமல் மழை கொட்டுவதாக நம்பிவிட்டார்கள். நான்காம் நாள் லொறி நிறையத் தேயிலைக் கன்றுகள் வந்து இறங்கின. மண்ணோ பாறையாகக் கிடந்தது.

"எங்க தம்பி மழை? கன்னு காஞ்சா ஒங்க வேலையும் காஞ்சிரும்" என்றார் பெரிய கிளாக்கர்.

கன்று இறக்க வந்த செல்லம்மாக்கா வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏங்க சின்னக் கிளாக்கரய்யா, நான் வேலைக்கு வராட்டியும் காலைல பெரட்டுல ஆள் கணக்கெடுக்கறப்ப எம் பேரக் கூப்புடுறாங்கள்ல? மழை வரலைன்னா மட்டும் அந்த நாளையே வெட்டிப்புட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் பெரிது. பெய்யாத மழைக்கும் ஒரு இடம் வேண்டுமா!

அன்றே இருபத்தெட்டுத் தேதிகளையும் முதலில் வரிசையாக எழுதினேன். பிறகுதான் மழையை அந்தந்தத் தேதிக்கு நேரே போட்டேன். மிச்சத்துக்கெல்லாம் சைபர். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பேனா நின்றுவிட்டது. அன்று நான் மழைமானிப் பக்கமே போகவில்லை. ஹட்டனில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். சைபர் போட்டால் பொய். 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். பெரிய கிளாக்கர் அதைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

கன்றுகளை நிழலில் அடுக்கி, மழை வரும்வரை பன்னிரண்டு நாள் ஓடையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தேன். வழுக்கி விழுந்தது ஏழு தடவை. (எண்ணியது செல்லம்மாக்கா, சத்தமாக.) கன்றுகள் பிழைத்தன; வேலையும் பிழைத்தது.

இன்றைக்கும் நான் மீன் வாங்கக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால், உங்களில் மூத்தவள் வாசலிலேயே மறிக்கிறாள்:

"அப்பா, மீனு சைபரா? இல்ல, மீன் கடைய நீங்க பாக்கவே இல்லையா?"