நாற்பது வருஷம் ‘ஆடாதீங்க’ என்றவன்

அன்பும் மரியாதையும் குறையாத மச்சான் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே வீட்டில் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, முழு நலம் வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

உங்கள் தங்கையின் இடது கண்ணில் படம் கழுவும் ஆசிட் தெறித்தது தெரியும் அல்லவா? என் போட்டோ ஸ்டூடியோவை மூடி ஆறு வருஷமாகியும் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் வைத்திருந்தவன் நான். மூடியைச் சரியாகத் திருகாததும் நானாகத்தான் இருக்க வேண்டும். அவளிடம் இதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது அவளுடைய நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து மிளகளவுகூட இல்லாத ஒரு துணுக்கை எடுத்து, தட்டில் வளர்த்து, மெல்லிய ஏடாக்கி, இடது கண்ணில் வைக்கப் போகிறார்கள். அதற்கு முன் அந்தச் செல்களெல்லாம் உயிரோடு ஒழுங்காக இருக்கின்றனவா என்று படம் பிடித்துப் பார்க்க வேண்டுமாம். வளர்ப்பவர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, படம் பிடிப்பவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். கூட்டு ஆராய்ச்சி. கூட்டு என்றால் கூட்டுக்குடும்பம் மாதிரிதான் மச்சான், சமையலறைச் சண்டை உட்பட.

படம் என்றதும் என் வாய் சும்மா இருக்குமா? “மங்கலா வந்தா ஒரு ஃப்ளாஷ் அடிங்களேன்” என்றேன். டாக்டரம்மா பதறிப்போனார். “ஐயோ சார், வெளிச்சம் அதிகமானா அதுங்க செத்துடும். சாயமும் போடக்கூடாது. இதையேதானே அம்மா கண்ணுல வைக்கப் போறோம்?” நான் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் மூன்று நாளும் படம் கலங்கல். “உங்க செல்லுதான் ஆடுது” என்கிறார் பேராசிரியர். “உங்க கேமராதான் ஆடுது” என்கிறார் டாக்டரம்மா. வெள்ளிக்குள் நல்ல படம் வராவிட்டால் இந்த ஏடு வீண், மறுபடியும் அந்த நல்ல கண்ணில் கை வைக்க வேண்டும் என்று காதில் விழுந்தது. பயமெல்லாம் இல்லை. ஜீரணத்துக்காக வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பழைய கட்டடம், மரத்தளம், என் காலில் லாடம் அடித்த பூட்ஸ்.

நேற்று, தரை துடைக்கும் அம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “இந்த ஐயா டீ குடிக்கப் போனா படம் நல்லா வருது. திரும்பி வந்தா கெட்டுப் போகுது. நீங்க எதுக்கு அடிச்சுக்கறீங்க?” இருவரும் ஒரே நேரத்தில் என் பூட்ஸைப் பார்த்தார்கள். மூன்று நாளில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். பேராசிரியர் தானே ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டு, “சார், கொஞ்சம் ஆடாம உட்காருங்க” என்றார். நாற்பது வருஷமா கல்யாண மாப்பிள்ளையிலேருந்து கைக்குழந்தை வரைக்கும் நான் அதட்டின வார்த்தை! மானம் கப்பலேறிடுச்சு மச்சான்.

ஒரு மணி நேரம் மூச்சைக்கூட எண்ணித்தான் விட்டேன். அப்புறம் உள்ளே கூப்பிட்டு, எடுத்த படத்தை வேகமா ஓட்டிக் காட்டினாங்க. அடேயப்பா! இடைவெளியே இல்லாம, தரையில கல்லு பதிச்ச மாதிரி அத்தனை செல்லும். அதுல ஒண்ணு, நான் பார்க்கப் பார்க்க, நடுவுல ஒடுங்கி ரெண்டாச்சு. “உசுரோட இருக்கு சார், ரொம்ப நல்லா இருக்கு” என்றார் டாக்டரம்மா. என் கண்ணில் தண்ணீர் வந்தது ஏசிக் காற்றினால்.

நீங்கள் அலைந்துகொண்டு வர வேண்டாம். நான் தைரியமாக இருக்கிறேன். கடிதத்தை இன்றே தபாலில் சேர்த்துவிடுகிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
வெறுங்காலோடு ஆடாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் மச்சான்

பி.கு.: அண்ணா, நான்தான். இந்தக் கடிதாசி நாலு வாரமா இவர் சட்டைப் பையிலேயே கிடந்திருக்கு. துவைக்கப் போறப்போ கிடைச்சுது. வலது கண்ணைப் பொத்திக்கிட்டு, இடது கண்ணாலேயே முழுசாப் படிச்சிட்டேன். இவர் தைரியத்தைப் பத்தி நர்ஸ்களைக் கேளு. அந்த மூடியைத் திறந்து, என்னன்னு மோந்து பார்த்துட்டு, திருகாம வெச்சது நான்தான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். இப்பத்தான் சொன்னேன். எதிரிலே உட்கார்ந்து தேம்பறார், ஏசி கிடையாது. ஆடாம உட்காருங்கன்னு அதட்டியிருக்கேன். தெளிவாத் தெரியறார்.